பழைய ஸ்பீக்கர் பெட்டி: சத்தத்தைக் கேட்டுக் குறையைப் பிடிப்பது

இலங்கை மலைநாட்டு வீடுகளில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைப் பெரும்பாலும் இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். ஒன்று, தோட்டத்துப் பங்களாக்களில் இருந்து கைமாறி வந்த இங்கிலாந்துப் பெட்டிகள்: வாஃப்டேல், குட்மன்ஸ், செலஸ்டியன். மற்றது, 1977-இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு வந்த ஜப்பான் செட்டுகள்: பயனியர், சன்சுய், கென்வுட், சொனி. மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பியவர்கள் தூக்கிக்கொண்டு வந்ததும் இதற்குள்தான் வரும்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் திருத்தல் வழிகாட்டிகளில் முதல் எதிரி வயது. இங்கே முதல் எதிரி ஈரம். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை. பதுளை, பசறைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை. இரண்டுக்கும் நடுவில் பின்னேரத்து இடிமழை. தோய்த்த துணியே மூன்று நாள் காயாத வீட்டில் ஸ்பீக்கரில் ஆடிச் சத்தம் தருகிற கடதாசிக் கோன் மட்டும் காய்ந்து கிடக்குமா? அதனால் புத்தகத்தில் உள்ள அதே குறை இங்கே வந்தாலும் காரணம் பல நேரம் வேறாக இருக்கும். ஸ்பீக்கரைக் குற்றம் சொல்லுமுன் களிம்பையும் துருவையும் பூஞ்சையையும் சந்தேகப்படுங்கள். கீழே நான் சொல்லும் வரிசை அப்படித்தான் போகிறது.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பெட்டரி ஒன்று, டோர்ச், ஸ்குரூ ட்ரைவர், சொல்டரிங் அயன், ஐசோப்ரோப்பைல் அல்ககோல், கொட்டன் பட், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பைண்டர் கம். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்பீக்கர் பெட்டிக்குள் மெயின்ஸ் கரண்ட் கிடையாது, பயப்பட வேண்டாம். சுவர் பிளக்கில் மாட்டுகிற பெட்டிகள்தான் விதிவிலக்கு, குவாட் கம்பெனியின் மின்நிலை ஸ்பீக்கர் அதில் ஒன்று. அதன் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அதை வீட்டில் திறக்காதீர்கள். அம்பை, அதாவது அம்ப்ளிஃபயரைத் திறப்பதும் வேறு வேலை, அதை இங்கே தொடவில்லை.

எதையும் கழற்றுமுன் ஒரு வேலை: அம்பை நிறுத்திவிட்டு, அதன் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களைப் பக்கம் மாற்றிச் செருகுங்கள். அதே பாட்டைப் போடுங்கள். குறை அதே பெட்டியிலேயே இருந்தால் பெட்டியிலோ அதன் வயரிலோ கோளாறு. குறை மற்றப் பெட்டிக்குத் தாவினால் பெட்டி நல்ல பெட்டி, அம்பையோ பிளேயரையோ பாருங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் பேஸ் என்கிற கீழ் ஸ்வரத்தைக் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரை, நல்லதாக இருந்தும் கழற்றி ஈயத்தை உருக்கிக்கொண்டு இருக்கிறவர்கள் அநேகம்.

ஒரு பெட்டி அடியோடு ஊமை

முதலில் பெட்டிக்குப் பின்னால் வயர் செருகும் இடம். அமத்தினால் வாய் திறக்கிற ஸ்பிரிங் கிளிப்பில் செம்பு வயர் வருடக்கணக்காகக் கிடந்தால் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். நுனியை ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுச் செம்பை முறுக்கிச் செருகுங்கள். வெட்டிய இடத்திலும் செம்பு கறுத்திருந்தால் இன்னும் வெட்டுங்கள். எவ்வளவு வெட்டியும் கறுப்பாகவே வந்தால் வயரையே மாற்றுவதுதான் சரி. சில பெட்டிகளில் பின்னால் ஒரு ஃபியூஸும் இருக்கும், அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டரில் பாருங்கள்.

இனி மீட்டரை ஓம் பக்கம் வைத்து, வயரைக் கழற்றிவிட்டு, டெர்மினலில் அளவு எடுங்கள். 8 ஓம் என்று எழுதிய பெட்டி 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் பெட்டி 3 முதல் 3.6 வரை. எழுதியதைவிடக் குறைவாகக் காட்டுகிறதே என்று பதற வேண்டாம், அப்படித்தான் காட்டும். ஆனால் இந்த அளவு பெரும்பாலும் வூஃபரை மட்டுமே சொல்கிறது. மேல் ஸ்வரத்தைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர், மீட்டரின் நேர் மின்சாரத்தை விடாத கப்பாசிட்டருக்குப் பின்னால் இருப்பதால் மீட்டருக்கு அது தெரியாது. ஆகவே ‘6 ஓம் காட்டுகிறது, எல்லாம் சரி’ என்று மூடிவிடாதீர்கள்.

மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் வூஃபரைக் கழற்றி அதன் தகட்டு முனைகளில் நேரே அளந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு குரோஸோவரில், அதாவது கீழ் ஸ்வரத்தை வூஃபருக்கும் மேல் ஸ்வரத்தை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்றில்: ஈயம் விட்ட மூட்டு, துருப்பிடித்த கொயில் முனை. அங்கேயும் இல்லையென்றால், தகட்டில் இருந்து கோனுக்குப் போகும் அந்தப் பின்னிய மெல்லிய வயரை மீட்டர் மாட்டிய நிலையிலேயே மெதுவாக அசைத்துப் பாருங்கள். அது கோனில் ஏறும் இடத்தில்தான் அறும். அசைக்கும்போது அளவு வந்து வந்து போனால் அதிர்ஷ்டம், பழைய செத்த ஸ்பீக்கர் ஒன்றில் இருந்து அதே மாதிரி வயரை எடுத்துப் பற்றவைத்தால் முடிந்தது. சாதாரண செம்பு வயரைப் போடாதீர்கள், கோன் ஆடுகிற ஆட்டத்தில் சீக்கிரமே அறுந்துவிடும். அசைத்தும் உயிர் வராவிட்டால் கோனை ஆட்டுகிற வொய்ஸ் கொயிலே எரிந்திருக்கிறது. கோனோடு கொயில் மாற்றித் தருகிறவர்களிடம் கொடுக்க வேண்டியதுதான்.

செலஸ்டியன் டிட்டன் 15 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதில் மூன்று வட்டம் தெரியும், ஒன்றுக்கு வயரே போகாது. அது செத்த ஸ்பீக்கர் என்று நினைத்துப் ‘பொருத்தமான’ ஒன்றை வாங்கி மாட்டிவிடாதீர்கள். காந்தமும் கொயிலும் இல்லாமல், வூஃபர் தள்ளுகிற காற்றில் தானாக ஆடிப் பேஸ் கொடுக்கும் துணைத் தகடு அது.

விட்டுவிட்டு வருகிறது, கரகரக்கிறது

சத்தக் குமிழைத் திருகும்போது கரகரத்தால் அது அம்பின் குமிழ். பெட்டியின் முன்னாலோ பின்னாலோ ட்வீட்டரையும் நடு ஸ்வரத்துக்கான மிட்ரேஞ்சையும் கூட்டிக் குறைக்கிற குமிழ் இருக்கிறதே, அதைத் திருகும்போது கரகரத்தால், அல்லது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சத்தம் வந்தால், கோளாறு அங்கே. அமெரிக்காவின் ஏ.ஆர். பெட்டிகள் இந்தக் குமிழ் களிம்பு பிடிப்பதற்கே பேர் போனவை. இங்கே உள்ள ஈரத்தில் எல்லாக் கம்பெனிக் குமிழும் அந்த வழியில்தான் போகிறது.

அம்பை நிறுத்திவிட்டுக் குமிழை இந்த முனையில் இருந்து அந்த முனைவரை முப்பது, நாற்பது தடவை திருகுங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகிவிடும், ஆனால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும். நிரந்தரமாக வேண்டுமானால் கழற்ற வேண்டும். கழற்றுமுன் எந்த வயர் எந்தக் காலில் என்று ஃபோனில் படம் எடுங்கள். மூடியைத் திறந்தால் உள்ளே வட்டமாகச் சுற்றிய கம்பி, அதன்மேல் ஓடும் ஒரு சின்னத் தகடு. தகடு தொடும் பாதை மஞ்சளாக மினுங்க வேண்டும். திறக்கிற பெட்டிகளில் அது பச்சையாகவோ கறுப்பாகவோதான் இருக்கும். கொட்டன் பட்டில் அல்ககோல் தொட்டுத் துடையுங்கள், போகாவிட்டால் பென்சில் அழிக்கிற ரப்பரால் உரசுங்கள். அரத்தாள் வேண்டாம், கம்பி மெல்லியது. தகட்டை இலேசாக வளைத்துப் பிடிப்பைக் கூட்டி, கொன்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு மூடுங்கள். சாதாரண டபிள்யூடி-40 அடிப்பவர்களைப் பார்க்கிறேன். அது விட்டுப்போகிற எண்ணெயில் தூசி ஒட்டும், கொன்டாக்டுக்கென்று விற்பதையே வாங்குங்கள்.

பேஸ் விழும்போது பறபற, கோன் ஓரம் உதிர்கிறது

கிரில் துணியைக் கழற்றிப் பாருங்கள். வூஃபர் கோனுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மடிப்பு வளையம் இருக்கும். அது நான்கு வகை: ஃபோம், ரப்பர், பசை பூசிய துணி, அல்லது கோனின் கடதாசியே மடிந்து வருவது. துணியும் கடதாசி மடிப்பும் ஐம்பது வருடம் தாங்கும், பழைய இங்கிலாந்துப் பெட்டிகளிலும் பல ஜப்பான் பெட்டிகளிலும் அவைதான். ரப்பர் இறுகலாம், ஆனால் சாதாரணமாக உதிராது. பிரச்சினை ஃபோமில்தான். பொலியூரித்தேன் ஃபோம் ஈரத்தையும் காற்றையும் குடித்துக் குடித்துத் தானாகவே சிதைகிறது. பாட்டே போடாமல் பெட்டியைப் பத்திரமாக மூடி வைத்திருந்தாலும் சிதையும். விரலால் இலேசாகத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தால் அதன் கதை முடிந்தது, கிழிசல் கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ.

இந்த நிலையில் பாட்டுப் போடுவதை நிறுத்துங்கள். வளையம் இல்லாமல் கோன் நடுநிலை தவறி ஆடும், வொய்ஸ் கொயில் காந்தத்தில் இடிக்கும், ஃபோம் செலவோடு போக வேண்டியது கொயில் செலவாகிவிடும்.

இங்கே செய்கிற சில குறுக்கு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டுவது, குடைத் துணி ஒட்டுவது, சிலிக்கன் பூசிவிடுவது. சத்தம் வரும், பறபற நிற்கும். ஆனால் வளையம் இறுகிவிடுவதால் கோனால் கீழ் ஸ்வரத்துக்கு இறங்க முடியாது, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போய்விடும். போதாததற்கு, வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் செம்பை அரிக்கும், பிறகு சுரண்டி எடுக்கவும் முடியாது. திருவிழாப் பெட்டி என்றால் எப்படியோ போகட்டும். நல்ல பெட்டிக்கு இதைச் செய்யாதீர்கள்.

சரியான வழி புது ஃபோம் வளையம் வரவழைப்பது. ‘எட்டு அங்குலம்’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. நான்கு அளவு வேண்டும்: சட்டத்தில் ஃபோம் உட்காரும் இடத்தின் வெளிவிட்டம், உள்விட்டம், கோனின் வெளி விளிம்பின் விட்டம், மடிப்பின் அகலம். உள் உதடு தட்டையா சரிவா என்பதையும் பாருங்கள். அளவு எடுத்த பிறகுதான் பழைய ஃபோமைச் சுரண்ட வேண்டும், முதலிலேயே சுரண்டிவிட்டால் அளக்க ஒன்றும் இருக்காது.

சட்டத்தில் உள்ள பழைய பசையைக் கத்தியால் சுரண்டலாம். கோனில் அப்படிச் செய்யக்கூடாது. துணியில் அல்ககோல் நனைத்து விளிம்பை ஒற்றி, இரண்டு நிமிடம் விட்டு, நகத்தாலோ ஐஸ்கிறீம் குச்சியாலோ உருட்டி உருட்டி எடுங்கள். கறுப்புப் பசை சுருள் சுருளாக வரும். ஏற்கெனவே ஈரம் குடித்த கடதாசிக் கோனை ஊற வைத்துவிடாதீர்கள். ஒரு வூஃபருக்கு ஒரு பின்னேரம் இதிலேயே போகும், அவசரப்பட்டால் கோன் கிழியும்.

அப்புறம் ஒட்டுவது. கடதாசிக் கோனுக்குப் பைண்டர் கம் மாதிரியான வெள்ளைப் பசையே போதும். மெதுவாகக் காய்வதுதான் அதன் நன்மை, நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். சுப்பர் குளூ அந்த நேரத்தைத் தராது, காய்ந்த பிறகு கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். பிளாஸ்டிக் கோனுக்கு வெள்ளைப் பசை பிடிக்காது, அதற்கென்று வரும் பசையை ஃபோமோடு சேர்த்தே வாங்குங்கள். முதலில் ஃபோமைக் கோனில் மட்டும் ஒட்டி முழுதாகக் காயவிடுங்கள். புத்தகத்தில் சில மணி நேரம் என்று இருக்கும். நுவரெலியா மழையில் ஒரு இரவு போதாது, இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சட்டத்தில் ஒட்டும்போதுதான் கோன் நடுவில் நிற்க வேண்டும். இதற்கு இரண்டு வழி. டஸ்ட் கப் என்கிற நடு மூடியைக் கழற்றாமல் செய்வது ஒன்று: சட்டத்தில் பசை பூசி, ஃபோமை உட்கார வைத்து, வூஃபரை அம்பில் மாட்டி, ஃபோனில் இருந்து 30 ஹெர்ட்ஸ் டோனைச் சின்னச் சத்தத்தில் விடுங்கள். கோன் கண்ணுக்குத் தெரிகிற அளவு மெல்ல ஆடும். உரசல் கேட்டால் உரசுகிற பக்கத்து ஃபோமை விரலால் இலேசாக இழுத்தோ தள்ளியோ சரிசெய்து, உரசல் அடங்கிய இடத்தில் பசை இறுகும்வரை விடுங்கள். மற்றது டஸ்ட் கப்பை வெட்டித் திறந்து, கொயிலுக்கும் நடுக் காந்தத்துக்கும் இடையில் மெல்லிய பட்டைகளைச் சுற்றிலும் செருகிப் பிடித்துக்கொள்வது. பழைய எக்ஸ்ரே படத்தை நீளமாக வெட்டினால் கணக்கான பட்டை கிடைக்கும். கோனுக்குப் பின்னால் கொயிலைத் தாங்கும் துணி வளையமான ஸ்பைடர் தொய்ந்த வூஃபருக்கு இரண்டாவது வழிதான் நம்பிக்கை.

ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்திருந்தாலும் இரண்டு வூஃபருக்கும் ஃபோம் மாற்றுங்கள். மற்றது அடுத்த மழைக்கு உதிரும், அதுவரை இரண்டு பக்கமும் வேறு வேறு பேஸ் கொடுக்கும்.

மெல்லிய பாட்டிலும் உரசல்

வளையம் நன்றாக இருக்கிறது, ஆனால் குரல் வரும்போது அடியில் ‘கிர்ர்’ என்று ஒரு உரசல். பதுளையில் ரேடியோ திருத்துகிற ஒரு பாஸ் இதைப் பார்க்கும் விதம் இப்படி: வூஃபரை மேசையில் முகம் மேலே இருக்க வைத்து, இரண்டு கையின் பெருவிரல், நடுவிரல் என்று நான்கு விரலையும் டஸ்ட் கப்பைச் சுற்றிச் சம இடைவெளியில் வைத்து, கோனை நேராகக் கீழே அமத்தி விடுவார். பிறகு காதைக் கிட்டக் கொண்டுபோகாமல் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அமத்துவார். “வெரல்ல தெரியும் தம்பி, காதுல தெரியாது.” உண்மைதான். நல்ல வூஃபர் வழுக்கிக்கொண்டு போகும். உரசும் வூஃபரில், மணல் துகள் மேல் இழுக்கிற மாதிரி ஒரு நடுக்கம் விரல் நுனியில் தட்டும். ஒரு பக்கம் சற்றுக் கூட அமத்தினால் உரசல் போகிறதா என்று பாருங்கள். போனால் கோன் நடு தவறியிருக்கிறது. எந்தப் பக்கம் அமத்தினாலும் போகாவிட்டால் இடைவெளிக்குள் ஏதோ கிடக்கிறது.

நடு தவறியதற்கு முக்கிய காரணம் பாரத்தால் ஸ்பைடர் தொய்வது. பெட்டியில் வூஃபரை அரை வட்டம் சுற்றித் தலைகீழாக மாட்டுங்கள். இத்தனை வருடம் கீழே இழுத்த பாரம் இனி எதிர்ப்பக்கம் இழுக்கும். கொஞ்ச நாளில் உரசல் அடங்குவதும் உண்டு, காசு செலவில்லாத வைத்தியம்.

இடைவெளிக்குள் கிடப்பது இங்கே பெரும்பாலும் துரு. ஈரத்தில் காந்தத்தின் இரும்புத் தகடு துருப்பிடித்து உப்பும், துருத் துகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கொயிலை உரசும். ஊதினால் போகாது. டஸ்ட் கப்பைத் திறந்து, மெல்லிய அட்டைத் துண்டில் செலோடேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கச் சுற்றி, இடைவெளிக்குள் விட்டு எடுங்கள். ஒவ்வொரு தடவையும் கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும், டேப் சுத்தமாக வரும்வரை தொடருங்கள். துரு தகட்டையே தின்று உப்பவைத்திருந்தால் இது உதவாது. அப்போது கோனைக் கழற்றிச் செய்கிற வேலை, கடைக்குத்தான்.

கீழே விழுந்த ஸ்பீக்கர் என்றால் துருவைத் தேடாதீர்கள். பின்னால் உள்ள வட்டக் காந்தம் பசை விட்டு ஒரு பக்கம் நகர்ந்திருக்கும், கொயில் ஒரே இடத்தில் இறுகிக் கோன் அசையவே அசையாது.

பாட்டு போர்வைக்குள்ளே இருந்து வருகிற மாதிரி

ஜால்ராச் சத்தம் இல்லை, ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் மழுங்கி வருகின்றன. பக்கத்தில் காதை வைத்து ட்வீட்டரில் ஏதாவது வருகிறதா என்று கேளுங்கள். சுத்தமாக வராவிட்டால் கழற்றி ஓம் பாருங்கள். அளவு காட்டினால் ட்வீட்டர் உயிரோடு இருக்கிறது, கப்பாசிட்டர் போயிருக்கிறது. அளவு காட்டாவிட்டால் ட்வீட்டர் எரிந்திருக்கிறது. எரிந்ததற்கான காரணத்தை ‘ட்வீட்டர் எரிகிறது’ என்ற பகுதியில் சொல்கிறேன், அதைத் தீர்க்காமல் புதுசு போட்டால் புதுசும் எரியும்.

வருகிறது ஆனால் மெலிசாக வருகிறது என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று கப்பாசிட்டர். 1960, 70-களின் பெட்டிகளில் பிளஸ், மைனஸ் இல்லாத பைபோலர் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்தான் அதிகம். உள்ளே உள்ள திரவம் வருடங்களில் வற்றி, அளவு மாறி, உள்தடை ஏறிவிடும். மீட்டரில் கப்பாசிட்டர் அளக்கும் பக்கம் இருந்தால் ஒரு காலைக் கழற்றி அளந்து, மேலே எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மாற்றுங்கள். அளவு சரியாக இருந்தாலும் உள்தடை ஏறியிருக்கலாம் என்பதால், நாற்பது வருடம் தாண்டியதை நான் அளக்காமலே மாற்றிவிடுவேன். குரோஸோவரில் உள்ள கொயில்கள் சுலபத்தில் கெடுவதில்லை, அவற்றைத் தொடாதீர்கள்.

பைபோலர் கப்பாசிட்டர் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தேடினால் கிடைப்பது கஷ்டம். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவரிடம் சொல்லி வைக்கலாம். அதுவரை கைவசம் உள்ளதில் இரண்டு வழி உண்டு. 2.5 அல்லது 3.15 மைக்ரோஃபாரட் வேண்டுமானால் சீலிங் ஃபேனுக்குப் போடும் கப்பாசிட்டரையே போடலாம். அது பொலிப்ரோப்பிலீன் ஃபிலிம் வகை, ஒலிக்கு மிக நல்லது. இரண்டு 2.5-ஐச் சமாந்தரமாக இணைத்தால் 5. நுவரெலியாவில் யார் சீலிங் ஃபேன் வாங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள், கண்டிக் கடைகளில் தாராளமாக உண்டு. மோட்டரை ஸ்டார்ட் பண்ணுகிற கறுப்பு வகை வேறு, அது வேண்டாம். பெரிய அளவு தேவையானால், ஒரே அளவான இரண்டு சாதாரண எலக்ட்ரோலைட்டிக்கின் மைனஸ் கால்களை ஒன்றாக இணைத்து, பிளஸ் கால்கள் இரண்டையும் வெளியே எடுங்கள். அளவு பாதியாகும்: இரண்டு 47 சேர்ந்து ஏறக்குறைய 23.5 கொடுக்கும். 50 வோல்ட்டுக்குக் குறையாமல் பாருங்கள்.

ஃபிலிம் கப்பாசிட்டர் போட்டபின் ட்வீட்டர் சற்றுக் கூர்மையாகக் கத்துவதாகத் தோன்றினால் அது உங்கள் பிரமை இல்லை. பழைய கப்பாசிட்டரின் உள்தடையையும் கணக்கில் வைத்துத்தான் அந்தக் குரோஸோவரைக் கட்டியிருப்பார்கள். தொடரில் அரை ஓம் முதல் ஒரு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் பழைய குணம் திரும்பும்.

இரண்டாவது சந்தேகம் ஃபெரோஃபுளூயிட். 1970-களின் நடுப்பகுதிக்குப் பிந்திய பல டோம் ட்வீட்டர்களில் கொயிலைக் குளிர வைக்க, காந்தத்தில் நிற்கிற ஒரு எண்ணெயை ஊற்றியிருப்பார்கள். அது காய்ந்து பிசினாகிக் கொயிலைப் பிடித்துக்கொள்ளும். முன் தகட்டைக் கழற்ற முடிகிற ட்வீட்டர் என்றால் டோமை நேராக மேலே தூக்கி, இடைவெளியை அட்டைத் துண்டாலும் அல்ககோலாலும் துடைத்து, புது ஃபெரோஃபுளூயிட் விட்டு மூடலாம். முடி போன்ற கம்பி, கை நடுங்குகிறவர்கள் தொட வேண்டாம்.

குரல் நடுவில் நிற்கவில்லை, பேஸையும் காணோம்

இரண்டு பெட்டியும் தனித்தனியே நன்றாகப் பாடுகின்றன, சேர்த்துப் போட்டால் குரல் அறை முழுக்கச் சிதறுகிறது. ஒரு பெட்டிக்குப் பிளஸ், மைனஸ் மாறிப் போயிருக்கிறது. ஒரு பெட்டியின் வயரை மட்டும் மாற்றிச் செருகுங்கள், பேஸ் கூடினால் அதுதான் சரி. உள்ளே எவராவது முன்பு கை வைத்த பெட்டியானால் 1.5 வோல்ட் பெட்டரியை வூஃபர் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், பிளஸ் பிளஸோடு இருந்தால் கோன் வெளியே தள்ளும். பழைய ஜே.பி.எல். மட்டும் உள்ளே இழுக்கும், அந்தக் கம்பெனியின் அந்தக் கால வழக்கம் அது. இன்னொன்று: குரோஸோவரில் ட்வீட்டரின் பிளஸ் மைனஸ் வேண்டுமென்றே மாற்றிப் பற்றவைத்திருப்பது சாதாரணம். ‘பிழையைத் திருத்துகிறேன்’ என்று அதை மாற்றாதீர்கள், இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பெட்டி அதிர்கிறது, பூஞ்சை மணம், அடி வீங்கியிருக்கிறது

30 ஹெர்ட்ஸில் இருந்து 200 வரை டோனை மெதுவாக ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு இடத்தில் ‘விர்ர்’ என்று வரும். அந்த இடத்தில் நிறுத்தி, கிரில், பேர்த் தகடு, டெர்மினல் தட்டு என்று ஒவ்வொன்றாக விரலால் அமத்துங்கள். எதை அமத்தினால் நிற்கிறதோ அதை இறுக்குங்கள்.

துவாரம் இல்லாத மூடிய பெட்டியில் காற்றுக் கசியக்கூடாது. 1954-இல் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர். கம்பெனியில் இந்த முறையைக் கொண்டுவந்தபோது, பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வூஃபரின் ஸ்பிரிங்காக வைத்தார். வூஃபரை விரல்களால் மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். தயங்கித் தயங்கி வெளியே வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது, டக்கென்று வந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைப் பிடிக்க ஊதுபத்தி போதும்: 30 ஹெர்ட்ஸ் டோனை விட்டு, பத்தியை மூட்டுகள் வழியே மெதுவாகக் கொண்டுபோங்கள். கசியும் இடத்தில் புகை வெட்டி வெட்டி ஆடும். பைண்டர் கம்மும் மரத்தூளும் குழைத்து உள்ளே இருந்து அடையுங்கள்.

வீங்கிய சிப்போர்ட் பலகை பழைய தடிப்புக்குத் திரும்பாது. முதலில் நன்றாகக் காய வேண்டும், நேர் வெயிலிலோ அடுப்படியிலோ வைக்காதீர்கள், வினீயர் எழும்பிவிடும். வரண்ட நாளில் நிழலான வராந்தா சரி. காய்ந்தபின் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ஊசியால் ஏற்றி, எண்ணெய்த்தாள் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையில் உதிர்கிற நிலை என்றால் அந்தப் பலகையை எடுத்து அதே தடிப்பில் ப்ளைவூட் போடுங்கள். உள்ளே உள்ள கன அளவு மாறக்கூடாது, மாறினால் பேஸ் மாறும்.

கோனில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் வெளியே கொண்டுபோய், மாஸ்க் போட்டுக்கொண்டு, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிறகு அல்ககோல் இலேசாகத் தொட்ட துணியால் ஒற்றுங்கள். ப்ளீச் கடதாசியைக் கெடுத்துவிடும். துவாரம் உள்ள பெட்டியானால் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள், எலி பஞ்சை இழுத்துக் கூடு கட்டியிருப்பது புதினமில்லை. பஞ்சு கண்ணாடி நாராக இருக்கலாம், கையுறை போடுங்கள். ஈரப் பஞ்சை வெயிலில் காயவைத்து எடுத்த அளவே திரும்பப் போடுங்கள்.

சீமெந்து நிலத்தில் நேரே வைக்காதீர்கள். மூன்று, நான்கு அங்குலம் உயர்த்தி, மழை அடிக்கிற வெளிச்சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

அம்ப் வெட்டி வெட்டி நிற்கிறது, ட்வீட்டர் எரிகிறது

நான்கு பெட்டி வேண்டுமென்று 8 ஓம் பெட்டிகளை ஒரு பக்கத்துக்கு இரண்டாகச் சமாந்தரமாகச் சேர்த்தால் அம்பு பார்ப்பது 4 ஓம். 4 ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்தால் 2, அதைத் தாங்கும் வீட்டு அம்பு அபூர்வம். சேர்க்காமலே வெட்டினால் ஸ்பீக்கரைக் கழற்றி வயரை மட்டும் அளந்து பாருங்கள், எங்கோ நசுங்கி இரண்டு செம்பும் தொட்டிருக்கும்.

ட்வீட்டர் எரிவதற்குப் பெரிய அம்பைக் குற்றம் சொல்வார்கள். அநேகமாகச் சின்ன அம்புதான் காரணம். வீட்டு விசேஷத்துக்கு 20 வோட் அம்பை முற்றத்தில் வைத்துக் குமிழை முழுக்கத் திருகினால், அலை மேலும் கீழும் வெட்டுப்பட்டு, அந்த வெட்டில் பிறக்கும் மேல் அதிர்வெண்கள் எல்லாம் ட்வீட்டரில் போய் விழும். சத்தம் கிழியத் தொடங்கும் இடத்தில் குமிழைக் குறைக்க வேண்டும்.

இடி மின்னல் காலத்துக்குப் பிறகு இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அம்பைப் போட்டவுடன் வூஃபர் கோன் வெளியே தள்ளி, அல்லது உள்ளே இழுத்து, அப்படியே நின்றால் உடனே நிறுத்துங்கள். அம்பில் இருந்து நேர் மின்சாரம் வருகிறது, கொயிலைச் சில நொடியில் எரித்துவிடும். ஸ்பீக்கர் இல்லாமல், சத்தம் பூச்சியத்தில் வைத்து, அம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை டீசி மில்லிவோல்ட்டில் வைத்து அளங்கள். 50-க்குக் கீழே நல்லது. 100 தாண்டினால் அம்பைத் திருத்தக் கொடுங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் எந்த ஸ்பீக்கரையும் அதில் மாட்டாதீர்கள்.

மூடும்போது

வூஃபர் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த பழைய கஸ்கட் உதிர்ந்திருந்தால் கதவு இடுக்குக்கு ஒட்டும் மெல்லிய ஃபோம் பட்டை போடலாம். இங்கே அது உதிர்ந்தாலும் நஷ்டமில்லை, மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் சட்டம் வளைந்து, இவ்வளவு கஷ்டப்பட்டு நடுவில் நிறுத்திய கோன் உரசத் தொடங்கும். சிப்போர்ட்டில் பழைய துளை தளர்ந்து திருகு பிடிக்காவிட்டால், மருந்து நீக்கிய நெருப்புக்குச்சி இரண்டைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, விளிம்போடு வெட்டிவிட்டு, காய்ந்த பிறகு திருகை ஏற்றுங்கள். மின் ட்ரில்லால் இறுக்காதீர்கள்: நுனி வழுக்கினால் நேராகக் கோனில்தான் போய்க் குத்தும்.